காலிமுகத்திடலில் இருந்த தூணும் 1915ஆம் ஆண்டும்

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு காலத்தில் உயரமான தூண் ஒன்று நின்றது. முதலாம் உலகப் போரில் உயிர்விட்ட இலங்கைப் படையினரின் நினைவாக ஆங்கிலேயர் எழுப்பியது. லண்டன் வைட்ஹோல் வீதியில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தை வரைந்த எட்வின் லுட்யன்ஸ்தான் இதையும் வரைந்தார். புதுடில்லியைத் திட்டமிட்டவர்களில் ஒருவரும் அவரே. 1923இல் வேலை முடிந்தது. இருபது வருடம் கூட அது அங்கே நிம்மதியாக நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும், கடலில் இருந்து சுடும் ஜப்பானியக் கப்பல்களுக்கு இது குறிபார்க்க வசதியான அடையாளமாகிவிடும் என்று பயந்து, தூணைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் விக்டோரியாப் பூங்காவில் நட்டார்கள். இன்றைய விஹாரமகாதேவி பூங்கா. போர் முடிந்த பிறகும் அது திரும்பிப் போகவில்லை.

போன விடுமுறையில் நாங்கள் இருவரும் ஒருநாள் கொழும்பு போனபோது இதைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் ஊர் கம்பளை. இருவரும் ஆசிரியர்கள், ஒருவர் வரலாறு, மற்றவர் கணிதம். கல்வியியற் கல்லூரியில் ஒரே தொகுதியில் படித்தவர்கள். பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு சுபஹ் தொழுத கையோடு முதல் பஸ்ஸில் ஏறினோம். மூக்குக்கண்ணாடி மாற்றும் வேலை ஒன்று இருந்தது. அது அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மிச்ச நாள் முழுவதும் எங்களுடையது.

அந்தத் தூணைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. பதினோராம் தர வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், பதினைஞ்சாம் வருஷம் எங்கட கடைகள உடைச்ச ஆக்களுக்குத்தானே கொழும்பில சிலை வெச்சிருக்காங்க? எங்கட மௌத்தான ஆக்களுக்கு ஏன் ஒண்டுமில்ல?" வட்ஸ்அப்பில் சுற்றும் ஏதோ ஒரு குறிப்பைப் படித்துவிட்டு வந்திருந்தான். பாடப் புத்தகத்தில் அந்த வருடம் சில வரிகளில் கடந்துபோய்விடும். கம்பளைப் பிள்ளைக்குச் சில வரிகள் போதாது. ஏனென்றால் அந்தக் கதை தொடங்குவதே கம்பளையில்தான்.

1915ஐப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கண்டியில் இருந்து தொடங்குவார்கள். 1915 மே 28 இரவு, வெசாக் தினம், காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல், பக்திப் பாடல் பாடிக்கொண்டு வந்த ஊர்வலம். நடந்தது உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னரே கம்பளை அம்பகமுவ வீதியில் பிரச்சினை முளைத்துவிட்டது. வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா என்பதுதான் விடயம். அந்தப் பள்ளிவாசல் இந்தியக் கரையில் இருந்து வியாபாரத்துக்கு வந்த சோனகர்களுடையது. பள்ளிக்கு இருபுறமும் குறிப்பிட்ட தூரம் வரை மேளத்தை நிறுத்த வேண்டும் என்று அரசாங்க அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார்.

வழக்கின் அடிப்படையைக் கவனியுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில் கைச்சாத்தான உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, பௌத்த சமயத்தின் சடங்குகளைப் பாதுகாப்பதாகப் பிரித்தானிய முடிக்குரியவர்கள் கொடுத்த வாக்குறுதி. "அந்த வாக்குறுதியின்படி எங்கள் பெரஹராவை யாரும் நிறுத்த முடியாது" என்பது தேவாலயத் தரப்பின் வாதம். கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் 1914இல் தேவாலயம் வென்றது. 1915 தொடக்கத்தில் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. உடன்படிக்கை எழுதிச் சரியாக நூறு வருடம். கண்டிச் சிங்கள மக்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதை நாம் ஒரு நிமிடம் அவர்கள் பக்கம் நின்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய கோபம் வாக்குறுதி கொடுத்தவன் மேல் போயிருக்க வேண்டும். அது போனது மூலைக் கடைக்காரன் மேல்.

சில நாட்களில் கண்டியில் இருந்து கொழும்பு வரை, மேல் மாகாணம், சப்ரகமுவ, வடமேல் மாகாணம், தென் மாகாணம் என்று பரவியது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. உயிர்களும் போயின, பெண்களும் பாதிக்கப்பட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இதை யாரும் கதையாக உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் பழைய ஆட்களின் வயதைக் கணக்குப் பார்க்கும்போது மட்டும் "கலகத்துக்கு முந்தின வருஷம்", "கலகத்துக்குப் பிறகு மூணாவது ரமழான்" என்று சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் திகதியைவிட அது சரியாகவே இருக்கும்.

சரி, தூணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தோம். பூங்காவின் அந்தப் பக்கத்தில் ஆட்கள் குறைவு. காதலர்கள் குடைக்குள் உட்கார்ந்திருக்கும் பக்கம் என்று சொன்னால் கொழும்பு ஆட்களுக்கு விளங்கும். மரங்களுக்கு நடுவில் அந்த நெடிய தூணும், அதன் பின்னால் பெயர்கள் பொறித்த சுவரும். கணித ஆசிரியர் தன் பழக்கப்படி எண்ணத் தொடங்கி, வெயில் தாங்காமல் இடையில் விட்டுவிட்டார். ஐரோப்பியப் பெயர்களே முதலில் கண்ணில் படுகின்றன. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1914 ஒக்டோபரில் இங்கிருந்து கப்பல் ஏறிய முதல் அணி தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர். இருநூறுக்கும் அதிகமான வெள்ளைக்காரத் துரைமார் எகிப்துக்குப் போய், அங்கிருந்து 1915இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு கலிபோலிக்குப் போனார்கள். கலிபோலியில் எதிரே நின்றது துருக்கி.

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்தக் காலத்து இலங்கை முஸ்லிமுக்குத் துருக்கி என்றால் தூரத்து நாடு அல்ல, கலீபாவின் நாடு. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது, மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கண்டனம் செய்தார்கள். எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராக எழுந்த ஒராபி பாஷா 1883 தொடக்கம் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தபோது எம்மவர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மருதானை ஸாஹிராவின் தொடக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறது. இப்படிப்பட்ட சமூகம் பத்து வருடம் கழித்து, தன் நாட்டுத் துரைமார் துருக்கியரோடு சண்டைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரனுக்கும் முஸ்லிமுக்கும் அந்த வருடத்தில் ஏதோ இரகசிய நட்பு இருந்தது என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போர்க்காலம் என்பதால்தான் 1915 கலவரம் வேறு ஒன்றாகவும் மாறியது. உலகப் போர் நடக்கும் நேரத்தில் தன் காலனிக்குள் கலவரம் என்றதும் ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸின் அரசாங்கம் பதறியது. ஜெர்மானியர் தூண்டிவிட்டார்களோ, இது ஆட்சிக்கு எதிரான சதியோ என்ற சந்தேகம். அதற்குச் சில மாதத்துக்கு முன்தான் ஜெர்மனியின் எம்டன் கப்பல் இந்து சமுத்திரத்தைக் கலக்கிவிட்டு கொக்கோஸ் தீவருகே அழிந்திருந்தது. (எங்கள் மூத்தும்மா சுட்டித்தனம் பண்ணும் பிள்ளையை "எம்டன்" என்று ஏசுவார். கப்பலின் பெயர் என்பது அவருக்குத் தெரியாது.) ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. பஞ்சாப் படையினரும், ஆயுதம் கொடுக்கப்பட்ட ஐரோப்பியத் தொண்டர்களும் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கலவரம் அடங்கிய பிறகும் சுட்டார்கள். விசாரணை இல்லாமல் சுடப்பட்ட சிங்களக் கிராமத்தவர்கள் உண்டு. மதுவொழிப்பு இயக்கத் தலைவர்களைப் பிடித்து வெலிக்கடையில் அடைத்தார்கள்: எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க.

எங்கள் மாணவன் கேட்ட சிலை ஹென்றி பேதிரிஸின் சிலை. பணக்கார வர்த்தகர் வீட்டுப் பிள்ளை, கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன், வயது 26. இராணுவ நீதிமன்றம் இராஜத்துரோகம் உட்பட்ட குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளியாக்கி, 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடையில் சுட்டுக் கொன்றது. விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்பதே பின்னர் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. எங்கள் கருத்தும் அதுதான். முஸ்லிம் கடைகளை உடைத்தார் என்பதற்காக அவருக்குச் சிலை வைக்கவில்லை. அந்நிய அரசாங்கம் அவசரத்தில் கொன்ற ஒரு இளைஞன் என்பதற்காக வைத்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் வட்ஸ்அப் குறிப்பு ஒன்று போதும், ஒரு முழு வகுப்பையும் கெடுக்க.

அதற்காக மாணவனின் இரண்டாவது கேள்வி பிழையாகிவிடாது. எங்களுடைய மௌத்தானவர்களுக்கு ஏன் எதுவும் இல்லை? இந்தச் சுவரின் முன்னால் நின்றபோது எங்களுக்குப் பட்டது, அந்த வருடத்தில் இலங்கை மண்ணிலேயே இறந்தவர்களில் யாருக்கும் இங்கே இடமில்லை என்பதுதான். அடித்துக் கொல்லப்பட்ட சோனகக் கடைக்காரனுக்கும் இல்லை, வீட்டு வாசலில் சுடப்பட்ட சிங்கள விவசாயிக்கும் இல்லை. கலிபோலியில் விழுந்தவனின் பெயர் கல்லில் இருக்கிறது. பேரரசு தனக்காகச் செத்தவனை மட்டும்தான் எண்ணும்.

சோனகருக்குக் கிடைத்தது நட்டஈடு. 1915லேயே கலவர நட்டங்களுக்கான கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, கலவரம் நடந்த பகுதிச் சிங்களவர்களிடம், கலவரம் செய்தவன் செய்யாதவன் என்று பாராமல், மொத்தமாகப் பணம் அறவிட்டார்கள். கடையைத் திரும்பத் திறக்க அது உதவியது. ஆனால் பக்கத்து வீட்டு அப்புஹாமி தான் தொடாத கடைக்குத் தண்டப்பணம் கட்டிய கசப்பு எவ்வளவு காலம் இருந்திருக்கும்? தீர்வு என்று ஆங்கிலேயர் செய்தது அடுத்த பகைக்கு முதல் போட்டதாகத்தான் எங்களுக்குத் தெரிகிறது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் சிறையில் இருந்த சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் பேசினார். நீர்மூழ்கிகள் திரியும் கடலில் லண்டனுக்குப் போய் வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்தார்கள் என்பது பிரபலமான செய்தி. அவர் இராணுவச் சட்டத்தை எதிர்த்தது சரி. ஆனால் அந்த வாதத்தில் எரிந்த கடைகளும் பள்ளிவாசல்களும் சிறிய விடயமாகிப் போயின என்ற மனக்குறை எமது சமூகத்தில் தலைமுறை தாண்டியும் இருந்தது. சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் 1888இல் வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் ஏற்கனவே இருந்த புண். அதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்தத் தூணைச் சுற்றி இன்னொரு கதையும் இருக்கிறது, அது கொஞ்சம் இனிப்பானது. ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் போர் வீரர்களுக்காகச் சிவப்புப் பொப்பி மலர் விற்பார்கள். சேரும் பணத்தில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போய்விடும். நம் நாட்டு முன்னாள் படைவீரருக்குக் கிடைப்பது சொற்பம். அதைக் கண்டித்து அந்த முன்னாள் படைவீரர்களே அதே நாளில் போட்டிக்கு வேறு ஒரு பூவை விற்கத் தொடங்கினார்கள்: சூரிய மல். 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகம் அதைக் கையில் எடுத்து ஏகாதிபத்தியத்துக்கு எதிரான இயக்கமாகவே மாற்றிவிட்டது. டொரீன் விக்கிரமசிங்க என்ற ஆங்கிலேயப் பெண் முன்னணியில் நின்றார். 1934, 35இல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது சப்ரகமுவக் கிராமங்களுக்கு மருந்தோடு போனவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி உருவானதும் இவர்களில் இருந்துதான். சூரிய மல் என்பது வேறு ஒன்றும் அல்ல, நம்முடைய பூவரசம் பூ. கரையோரத்தில் வேலிக்கு நிற்கும் மரம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை உண்டா? தோட்டத்துரைமாரின் பொப்பிக்கு எதிராகப் பூவரசம் பூவைக் குத்திக்கொண்டு தெருவில் இறங்கிய அந்த யோசனை எங்கள் இருவருக்கும் நன்றாகப் பிடித்துப் போயிற்று.

கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பூங்காவில் பிரித்துச் சாப்பிட்டோம். காகங்களுக்கும் ஒரு பங்கு போனது. ளுஹரை முடித்துவிட்டு நூதனசாலையை வெளியில் நின்று பார்த்தோம். உள்ளே போனால் பொழுது போய்விடும். 1877 ஜனவரி 1இல் திறந்த அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். ஆளுநர் கிரகரி "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கட்டடம் நிற்கிறது. எமது பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் தெரியாது என்பதுதான் குறை.

பிறகு சுதந்திர நினைவு மண்டபம். தூண்கள், கூரை, கீழே கல் சிங்கங்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம். நாங்களும் எடுத்தோம். 1948 பெப்ரவரி 10ஆம் திகதி குளோஸ்டர் கோமகன் வந்து பாராளுமன்றத்தை வைபவரீதியாகத் திறந்துவைத்தது இந்த இடத்தில்தான். பின்னர் அதே இடத்தில் இந்த மண்டபத்தைக் கட்டியபோது மாதிரியாக எடுத்தது கண்டி மகுல் மடுவவை. ஆம், 1815 உடன்படிக்கை கைச்சாத்தான அதே மண்டபம். நாட்டை எழுதிக் கொடுத்த கூரையின் சாயலிலேயே நாட்டைத் திரும்பப் பெற்றதற்கு நினைவு மண்டபம். கம்பளை வழக்கில் தேவாலயத்தார் நீட்டிக் காட்டியதும் அந்தக் கூரையின் கீழ் கொடுத்த வாக்கைத்தான்.

முன்னால் டி. எஸ். சேனநாயக்கவின் சிலை. 1915இல் வெலிக்கடைக்குள் இருந்தவர், 1947இல் முதல் பிரதமர். அவருடைய முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சர் யார்? டி. பி. ஜாயா. கலகெதரையில் பிறந்த மலாய் முஸ்லிம், கால் நூற்றாண்டுக்கு மேல் ஸாஹிராவின் அதிபர். 1945இல் அரசாங்க சபையில் சுதந்திரம் பற்றிய விவாதம் வந்தபோது, முஸ்லிம்களுக்கு இதைத் தா அதைத் தா என்று பேரம் பேசாமல் நாட்டின் விடுதலைக்கு ஆதரவு என்று எழுந்து சொன்னவர். அவருக்கு 1915 மறந்திருக்குமா? அப்போது அவருக்கு வயது 25, பாடசாலை ஆசிரியர். கடைகள் உடைந்ததைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாரா, சேனநாயக்க சிறை போனதை அறிந்திருக்க மாட்டாரா? எல்லாம் தெரிந்த இருவர் முப்பத்திரண்டு வருடம் கழித்து ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தச் சேர்க்கையில் குறைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த ஆட்சியிலேயே மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோனது. கம்பளையில் இருந்துகொண்டு அதை மறக்கவும் முடியாது. ஆனால் அந்த மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெயரும் ஒரு வருடமும் கிடைத்தது: ஜாயா, 1947.

அஸருக்குப் பிறகு காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859இல் இந்த நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக் கல்வெட்டு ஒன்றும் வைத்தார். தூண் நின்ற இடத்தை இப்போது யாரிடம் கேட்டாலும் தெரியாது. இஸ்ஸோ வடைக்காரர் ஒருவரிடம் கேட்டோம். அவர் எங்களைப் பார்த்துவிட்டு கொடிக்கம்பத்தைக் கைகாட்டினார். வடை நன்றாக இருந்தது. பிள்ளைகளுக்கு இரண்டு பட்டம் வாங்கிக்கொண்டோம்.

வகுப்பில் இதை எப்படி நடத்தப் போகிறோம் என்று பஸ்ஸில் வரும்போதே பேசி முடிவெடுத்தோம். சிலைகளையும் தூண்களையும் விட, ஊரில் மிஞ்சியிருக்கும் காகிதங்களில் இருந்து தொடங்குவது என்று. அம்பகமுவ வீதிப் பள்ளி இன்றும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம். பிறகு வல்லஹாகொட தேவாலயத்துக்கும். இரண்டு இடத்துப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேச வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பளை, கண்டி, கடுகண்ணாவை, மாவனல்லை, குருணாகல், பாணந்துறை, எந்த ஊராக இருந்தாலும் சரி, அந்த வருடத்துக் கடைக் கணக்குப் புத்தகமோ, நட்டஈட்டுக் கடிதமோ, காணி உறுதியோ உங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தால் கறையான் அரிக்க முன்னர் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். சிங்கள நண்பர்கள் வீட்டில் அந்தத் தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.